அலசாத காது

ரூபன் “சரி” என்றான். அது எந்தச் சரி என்று ஜெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

ஒப்புக்கொள்கிற சரி உண்டு. பேச்சை முடித்துவைக்கிற சரி உண்டு. உன்னிடம் சொல்லிப் பயனில்லை என்கிற சரியும் உண்டு. எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் ஜெனிட்டாவின் காதில் விழாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கணவனின் முகத்தைப் பார்க்க முயன்றாள். அவன் ஆஸ்பத்திரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

“கோவமா இருக்கியா?”

“இல்லைன்னா நம்பவா போற?”

இதற்கும் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை.

கட்டிலில் அவர்களுடைய மகள் இவா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. குடல்வால் வெடித்து, அவசரமாக அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். “அம்மா, வயிறு வலிக்குது” என்று இவா பள்ளியிலிருந்து வந்ததும் சொல்லியிருந்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று ஜெனிட்டா நினைத்தாள். மழை பெய்கிறது என்று சொன்னதுபோல ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மறுபடியும் சொன்னாள், மறுபடியும் அதே போலத்தான் கேட்டது. வேலை முடிந்து வந்த ரூபன் மாடிப்படியில் ஏறும்போதே இவாவின் முனகலைக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா...” என்று டாக்டர் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல் போயிருந்தார்.

“அந்த வேலைய விட்டுடு ஜெனி,” என்றான் ரூபன். “ஆறு வருஷம் போதும். ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் அவனவனுக்குன்னு மெஷினே பாட்டு போட்டுக் குடுக்குது. அப்புறம் உன் காது அவங்களுக்கு எதுக்கு?”

“மெஷினுக்குப் பழசை வெச்சு இன்னொரு பழசு செய்யத்தான் தெரியும். புதுசு எதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு மனுஷிக்குப் புல்லரிச்சாத்தான் தெரியும்.”

“உனக்கு மட்டும் தினமும் எப்படிப் புல்லரிக்கும்?”

“அதுக்குத்தானே அலசுறாங்க.”

இருவரும் இதை முன்பே பலமுறை பேசியிருந்தார்கள்.

ஜெனிட்டா வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் ‘செவ்வி’. அங்கே அவளுடைய பதவிக்கு ‘முதல் செவி’ என்று பெயர். யாரோ எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து செய்து அனுப்புகிற எலக்ட்ரானிக் இசை, டீப் ஹவுஸ் என்கிற நிதானமான ஆட்ட இசை, இன்னும் பெயர் வைக்கப்படாத அதன் கிளைகள் எல்லாம் அவளிடம் வரும். கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். புல்லரித்தால் பட்டை பதிவுசெய்யும். அதன்பிறகு அந்தப் பாட்டு ‘கண்டெடுக்கப்பட்டது’. மறுநாளே இயந்திரம் அதன் சாயலில் ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் செய்து கேட்பவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால் நாளெல்லாம் கேட்கிற காது சீக்கிரம் பழசாகிவிடும், எதைக் கேட்டாலும் முன்பே கேட்டதாகத் தோன்றும். அதனால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தொப்பியை மாட்டிக் காதை அலசுவார்கள். அன்று கேட்ட இசை மனதில் படிவதற்குள் கரைந்துவிடும். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த சில்லறை நினைவுகளும் போகும். மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லாத நாட்கள் அவளுக்கு உண்டு.

அன்றைக்குக் கேட்டது மட்டும்தான் போகும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். தினமும் அலசினால் துணி நைந்துபோகத்தானே செய்யும். முதலில் தெரிந்த பாட்டுகள் போயின. சர்ச்சில் எல்லோரும் பாடும்போது அவள் வாயை மட்டும் அசைத்தாள். பிறகு எது தன் போன், எது அடுத்தவர் போன் என்று தெரியாமல் போனது. கடைசியாகக் குரல்கள் தட்டையாகின.

இவா வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஜெனிட்டா வேலைக்குத் திரும்பினாள். வேலையை விடப்போவதாகச் சொல்லத்தான் போனாள். ஆனால் மேற்பார்வையாளர் கோமதிநாயகம் அன்று காலை மீட்டிங்கில் இருந்தார். அவர் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வழக்கம்போலப் பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் எப்படியும் மறந்துபோகப்போகிற பாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. பதினொரு மணிவாக்கில் ஒன்று வந்தது.

அவசரமே இல்லாத ஒரு தாள அடி. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல் இருந்தது. அதற்குக் கீழே தாழ்ந்த பேஸ் ஒலி. மேலே, ஏதோ ஒரு மோட்டார் கரகரவென்று அதிர்ந்தது. இசைக்கருவி இல்லை, நிஜமான மோட்டார். அந்தக் கரகரப்பை இழுத்து, நீட்டி, நனைத்து, ஒரு பெருமூச்சாக மாற்றியிருந்தார்கள். ஓர் இடத்தில் அடி நின்றது. மோட்டார் மட்டும் தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். அடி திரும்பி வந்தபோது மணிக்கட்டிலிருந்து தோள்வரை புல்லரித்தது. பட்டை மெல்ல ஒளிர்ந்தது.

கண்டெடுக்கப்பட்டது.

திரையில் அனுப்பியவரின் பெயர் வந்தது. ‘கடவாய்’. கீழே புரசைவாக்கத்து முகவரி. அலுவலகம் கீழ்ப்பாக்கத்தில், பஸ்ஸில் போனால் ஐந்து நிமிடம்.

சாயங்காலம் இது போய்விடும் என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கோபப்படவும் தெம்பில்லாமல் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முகவரியில் பல் செட் செய்கிற ஒரு லேப் இருந்தது. இரண்டாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. மேசை முழுவதும் வாய்களின் அச்சுகள், பல் இல்லாத ஈறுகள், பாதி செய்த பல்வரிசைகள். வெள்ளை மாவு படிந்த ஏப்ரனோடு, தலையில் துப்பட்டா சுற்றிய, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி பிளாஸ்டரைக் குழைத்து அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்றுக் குமிழி தங்காமலிருக்க அச்சைச் சின்ன மோட்டார் மேசையின் மேல் வைத்திருந்தாள். மேசை கரகரவென்று அதிர்ந்தது. ஜெனிட்டாவுக்கு அந்தச் சத்தம் உடனே புரிந்தது.

“நான் செவ்வியிலேர்ந்து வர்றேன். இங்க கடவாய்ங்கிறது...”

அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். மோட்டாரை அணைத்தாள்.

“வாம்மா ஜெனிட்டா. உக்காரு. டீ போடட்டுமா? சக்கரை கம்மிதானே உனக்கு?”

ஜெனிட்டா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்னை உங்களுக்கு...”

“நாலாவது தடவை வர்ற. நான் முபீனா. ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.” முபீனா ஒரு ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினாள். “முதல் தடவை வந்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் போட்ட பாட்டைக் கேட்டு ஒருத்தி தேடிக்கிட்டு வந்துட்டாளேன்னு. கையெல்லாம் நீட்டிக் காட்டினே, எப்படிப் புல்லரிச்சுதுன்னு. அழுதே. அடுத்த தடவை வந்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சே. என்னைக் கிண்டல் பண்றேன்னு நினைச்சுத் திட்டி அனுப்பிட்டேன்.”

“மூணாவது தடவை?”

“உன் ஆஃபீஸ்ல அலசுற கதையை நீயே சொன்னே. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இனிமே அலச விடமாட்டேன்னு உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணினே.” முபீனா அடுப்பைப் பற்றவைத்தாள். “அப்புறம் மணியாச்சுன்னு போயிட்டே.”

ஜெனிட்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகளின் மேல் செய்த சத்தியம். அதை உடைத்ததுகூட அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆறு வருடமாக ஏதோ ஒரு மூட்டையைச் சுமந்து ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்ததுபோல உடம்பு கனத்தது.

“உங்க பாட்டை நாங்க எடுத்து ஆயிரம் பாட்டா ஆக்கிடுறோம்,” என்றாள். “அது உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியாம என்ன? முதல் தடவை நீ வந்துட்டுப் போன மறுநாள், கீழ மாவு மில்லுல ஓடுற பாட்டுல என் பல் மெருகேத்துற மெஷின் சத்தம் கேக்குது. ஆட்டோவுல கேக்குது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் நான். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அப்புறம் அந்தச் சத்தத்தை நானே தொட முடியல. தொட்டா நான்தான் காப்பியடிக்கிற மாதிரி இருக்கு. வேற தேடணும். நீ அதையும் வந்து கண்டெடுப்பே.”

“அப்ப ஏன் எங்களுக்கே அனுப்புறீங்க?”

“வேற யாருக்கு அனுப்புறது? நீயே சொல்லு.” முபீனா டீயை ஆற்றிக் கொடுத்தாள். “முன்னாடியெல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்க நாலு பேர் இருந்தாங்க. இவன் ஒண்ணு போட்டா அவன் கேப்பான். பழைய குடோன்ல ஸ்பீக்கரை வெச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆடுவோம். இப்ப அவங்கவங்களுக்குன்னு பாட்டு வந்துடுது. இன்னொருத்தர் போட்டதைக் கேக்கணும்னு யாருக்கும் அவசியமே இல்ல. இந்த ஊர்ல நான் போட்டதை ஒரு மனுஷக் காது முழுசா கேக்குதுன்னா, அது உன் ஆஃபீஸ்ல மட்டும்தான். மறந்துபோற காதுன்னு தெரிஞ்சும் அனுப்பினேன்.”

ஜெனிட்டா டீயைக் குடித்து முடித்தாள். போனை எடுத்து கோமதிநாயகத்தைக் கூப்பிட்டாள்.

“சார், நான் இனிமே வரல.”

“என்ன மேடம் திடீர்னு? சரி, முதல்ல வந்து அலசிட்டுப் போங்க. ஒரு நாள் தங்கிட்டாலே காது பழசாயிடும். அப்புறம் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க.”

“பழசாகட்டும் சார்.”

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிறகு, “உங்க பொண்ணு எப்படி இருக்கா?” என்று கேட்டார். அது அக்கறையா சம்பிரதாயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று இரவு அந்தப் பாட்டு போகவில்லை. மறுநாள் காலையிலும் இருந்தது. தோசை திருப்பும்போது கை அந்த அடிக்கு அசைந்தது. “அம்மா, நீ பாடுறியா?” என்று இவா ஆச்சரியப்பட்டாள். பல வருடமாகக் காலியாக இருந்த அலமாரியில் ஒரே ஒரு பாத்திரம். ஜெனிட்டா அதையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் திரும்பிவிடவில்லை. சர்ச் பாட்டுகள் வரவேயில்லை, புதிதாகத்தான் கற்றுக்கொண்டாள். ரூபன் சில நாள், “இது விளையாட்டுக்குச் சொன்னது” என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கி விளக்கி அவனும் சலித்துப்போனான். ஒருநாள் பக்கத்து அறையில் இவா சிணுங்கினாள். அது பொய்ச் சிணுங்கல் என்று ஜெனிட்டாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது. தெரிந்துவிட்டதே என்று எழுந்து ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பயந்துவிட்டது.

முபீனா செவ்விக்கு அனுப்புவதை நிறுத்தினாள். ஜெனிட்டா வாரம் ஒருமுறை மதியத்தில் லேபுக்குப் போனாள். முபீனா பல்லை மெருகேற்றிக்கொண்டே பழையது, புதியது, பாதியில் விட்டது என்று ஒவ்வொன்றாகப் போடுவாள். ஜெனிட்டா கேட்பாள். அதிகம் பேசமாட்டார்கள். இருவருமே களைத்தவர்கள்.

அப்படி எட்டு மாதம் போனது. ஒருநாள் இவா அம்மாவின் போனை எடுத்து விளையாடும்போது, மறந்தே போயிருந்த செவ்வி செயலியைத் திறந்துவிட்டாள். ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. சமையலறையில் இருந்த ஜெனிட்டா கரண்டியோடு வெளியே வந்தாள்.

அவசரமில்லாத அடி. பிளாஸ்டர் மேசையின் கரகரப்பு. அடி நின்று, மோட்டார் தனியாக அதிர்ந்து, அடி திரும்பியபோது இரண்டு கைகளும் கழுத்தும் புல்லரித்தன. இப்படி ஒரு புல்லரிப்பு வந்ததாக அவளுக்கு நினைவேயில்லை. தன்னிடம் சொல்லாமல் முபீனா மறுபடி அனுப்பத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தாள். வருத்தமாக இருந்தது. இவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

இவாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு லேபுக்குப் போனாள்.

“நான் எங்க அனுப்பினேன்?” என்றாள் முபீனா. “போடு, கேப்போம்.”

லேப் ஸ்பீக்கரில் போட்டார்கள். முபீனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஜெனிட்டாவுக்கு மறுபடியும் கை முழுக்கப் புல்லரித்தது. முபீனா கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஏப்ரனின் கைப்பகுதியைச் சுருட்டித் தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய கை வழவழவென்று இருந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் ஆகல.”

ஜெனிட்டா கோமதிநாயகத்தைக் கூப்பிட்டாள். அவர் வீட்டில் இருந்தார்.

“முதல் செவி பிரிவையே மூடிட்டாங்க மேடம். நானும் வெளியதான் இருக்கேன்,” என்றார். “இனிமே கண்டெடுக்க ஆள் தேவையில்லையாம்.”

“மெஷினுக்குத்தான் புதுசு தெரியாதே சார்?”

“தெரியாதுதான். ஆனா உங்க கை ஆறு வருஷமா சொன்னது எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. எந்த இடத்துல, எந்தச் சத்தத்துக்கு, எவ்வளவு புல்லரிச்சுதுன்னு. உங்களை மாதிரி எல்லார் கையும். புதுசா இருக்கணும்னு அவசியம் இல்ல மேடம், புல்லரிச்சாப் போதும். நாம பாட்டைக் கண்டுபிடிக்கிறோம்னு நினைச்சோம். அவங்க நம்மளைக் கண்டுபிடிச்சிட்டிருந்தாங்க.”

அவர் குரலில் இருந்தது கோபமில்லை, வெட்கம். இந்தமுறை அது ஜெனிட்டாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு அவரைச் சமாதானப்படுத்தத் தோன்றியது, “பாத்துக்குங்க சார்” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்தாள்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கை இன்னும் சிலிர்த்தபடியே இருந்தது. தன் உடம்பை யாரோ தன்னைக் கேட்காமல் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டாள்.

“நிறுத்திடுங்க அக்கா.”

முபீனா நிறுத்தினாள். மேசையில் ஒரு பல் செட் பாதியில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“என் மோட்டாரை என்னைவிட நல்லா ஓட்டிட்டாங்க,” என்றாள். “நானும் ஒரு மாசமா ஒண்ணோட மல்லுக்கட்டிட்டிருக்கேன். வரல. அடி நின்னு திரும்ப வர்ற இடம் சறுக்குது. விட்டுடலாம்னு இருக்கேன்.”

“எப்பவும் அங்கதானே சறுக்குவீங்க.”

முபீனா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “எப்பவுமா?”

“எல்லாப் பாட்டுலயும். நின்ன அடி திரும்ப வர்றப்ப ஒரு இம்மி லேட்டா வரும். யாராச்சும் வீட்டுக்கு வந்து, பெல் அடிக்கலாமா வேணாமான்னு வாசல்ல நின்னு யோசிக்கிற மாதிரி. இப்ப கேட்டோமே, இதுல அது இல்ல. கரெக்டா வந்துடுச்சு.”

முபீனா விரல்களில் காய்ந்திருந்த பிளாஸ்டரை உரித்தாள். வெகுநேரம் அதையே செய்தாள்.

“இத்தனை வருஷமாப் போடுறேன். இதை யாரும் சொன்னதில்ல,” என்றாள்.

“யாரும் உங்க ரெண்டு பாட்டைச் சேர்த்துக் கேட்டதில்லையே அக்கா. நான்கூட இந்த எட்டு மாசமாத்தான் கேக்குறேன்.”

முபீனா எழுந்து மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

“நீ வந்திருக்கேன்னு அந்த வராத பாட்டைப் போடுறேன். புல்லரிக்கிற மாதிரியெல்லாம் இல்ல.”

“புல்லரிக்க வேணாம். போடுங்க.”

பாட்டு தொடங்கியது. கரடுமுரடாக, சில இடங்களில் பேஸ் தேவைக்கு மேல் கனத்து ஓடியது. ஜெனிட்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். துப்பட்டா விலகியிருந்த கை அசையாமல் மடியில் கிடந்தது. பாதியில் அடி நின்றது. முபீனா தலையைக் குனிந்துகொண்டாள். தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெனிட்டா காத்திருந்தாள்.

அடி வந்தது, கொஞ்சம் தாமதமாக.